பங்கேற்பாளர் அ

எண்பத்தாறு புள்ளி நான்கு. இந்த எண்ணை என் அக்கா தன் கணவருக்குக்கூடக் காட்டியதில்லை. எனக்குத்தான் காட்டினாள். எடை இயந்திரத்தில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நீயே பாத்துக்க, எனக்குச் சொல்லாத" என்றாள். அப்படி நம்பியவளை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். முதல் ஆளாக நானே நிற்கிறேன்.

நான் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பெண்களுக்கான காலை வகுப்பை நடத்துகிறேன். நானும் பெண்தான், ஆனால் வருகிறவர்களுக்கு நான் 'மாஸ்டர்'. ஆறு வருடமாக அதுதான் பெயர். ஆனால் ஒருத்தி வந்து, எனக்குத் தைராய்டு மாத்திரை ஓடுகிறது, இந்தப் புரோட்டீன் பவுடரைச் சாப்பிடலாமா என்று கேட்டால் மாஸ்டருக்குப் பதில் தெரியாது. தெரியாவிட்டால் 'சாப்பிடலாம்' என்று சொல்லிவை என்பார் முதலாளி. அலமாரியில் அடுக்கியிருக்கும் டப்பாக்கள் அவருடையவை, அவர் வேறு என்ன சொல்வார்? தெரியாத விஷயத்துக்குத் தலையாட்டித் தலையாட்டி என் கழுத்தே வலித்துவிட்டது. அதனால்தான் உடற்பயிற்சி, ஊட்டச்சத்து அறிவியலில் முதுகலை படிக்க ஆசைப்பட்டேன். போன வருடம் விண்ணப்பித்ததற்கு, ஆராய்ச்சி அனுபவம் இல்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. இந்த வருடம் எனக்கு முப்பத்திரண்டு. வயது வரம்பும் முப்பத்திரண்டு. விட்டால் பிடிக்க அடுத்த வண்டி கிடையாது.

இந்த முறை புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். விண்ணப்பிப்பவர் தன் வேலையிடத்துக்கு வெளியே ஒருவரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து அறிக்கை தர வேண்டும். அவருடைய எடை, இடுப்புச் சுற்றளவு, தினமும் என்ன சாப்பிட்டார் என்கிற உணவுக் குறிப்பேடு, அவர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் எல்லாம் வேண்டும். பெயர் மட்டும் வரக் கூடாது. 'பங்கேற்பாளர் அ' என்றுதான் எழுத வேண்டும்.

எனக்கு அக்காவைத் தவிர யாரும் தோன்றவில்லை. அவள் என்னைவிட எட்டு வயது பெரியவள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. அந்த மேசை மார்பு உயரத்துக்கு இருக்கும். வருகிறவர்களுக்கு அவளுடைய முகமும் சிரிப்பும் மட்டும்தான் தெரியும். அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஏழாம் வகுப்பில் விளையாட்டு ஆசிரியர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்த்திருக்கிறார். அவர் எண்ணைக் கத்திச் சொல்வார், தூரத்தில் இன்னொருவர் எழுதிக்கொள்வார். அக்காவின் எண்ணைக் கேட்டதும் வரிசையே சிரித்தது. அன்று சாயங்காலத்துக்குள் 'மூட்டை' என்று பெயர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு வெளியே வருகிறவரை அவள் மூட்டைதான். அதற்குப் பிறகு டாக்டரிடம் போனால்கூட எடை இயந்திரத்தில் விட்டத்தைப் பார்த்தபடிதான் ஏறுவாள்.

படிவத்தை நீட்டியபோது தன் பெயர் எங்கேயும் வராதே என்று கேட்டாள். வராது என்றேன். எண் வருமா என்றாள். வரும், ஆனால் அது யாருடையது என்று ஒருத்தருக்கும் தெரியாது என்று சொன்னேன். தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பன்னிரண்டு வாரத்தில் அவளாக ஒருநாள்கூடத் தவறவில்லை. அவள் குடியிருப்பது நான்காவது மாடி. காலையிலும் மாலையிலும் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், இடையில் அரை மணி நேரம் வேகநடை. காய்ச்சலடித்த அன்று நான்தான் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். அத்தான், "லிப்டுக்கு நாமதான மாசாமாசம் பராமரிப்புக் கட்டுறோம், அதுல ஏறுனா என்ன?" என்று கிண்டல் செய்வார். அவள் கண்டுகொள்ளவில்லை.

உணவுக் குறிப்பேடு இன்னும் அதிசயம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. நான்கு தின்றவர்கள் இரண்டு என்றுதான் எழுதுவார்கள். அதற்குத் தகுந்தபடி நாங்களே மனதுக்குள் கூட்டிக்கொள்வோம். உண்மையை உள்ளபடி எழுதி நான் பார்த்த ஒரே ஆள் என் அக்காதான். 'பல் காட்ட வந்தவர் கொண்டுவந்த பிறந்தநாள் கேக், ஒரு துண்டு. பிறகு பின்னறையில் நின்றபடி இன்னொரு துண்டு.' 'மகன் தட்டில் மிச்சம் வைத்தது, வீணாகக் கூடாது என்று.' 'பிஸ்கட் மூன்று. பிறகு மூன்று. பிறகு எண்ணவில்லை.' இந்தக் கடைசி வரியைக் கூடத்தில் என்னோடு வேலை செய்கிறவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். என் கணக்கில் முதல் தப்பு அதுதான். அப்போது அது தப்பாகவே தெரியவில்லை.

பன்னிரண்டாவது வாரம் எடை பார்த்தேன். எண்பத்தைந்து புள்ளி ஆறு. இத்தனை பாடுபட்டும் எண்ணூறு கிராம்தான் குறைந்திருந்தது. மற்றவை மாறாமல் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குத் தொண்ணூற்றிரண்டாக இருந்த நாடித்துடிப்பு எழுபதுக்கு இறங்கியிருந்தது. இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கியவள் இப்போது கைபேசியில் பேசிக்கொண்டே நான்காவது மாடிக்கு ஏறினாள். ஆனால் நாடியை யார் பார்க்கிறார்கள்? எங்கள் கூடத்துச் சுவர் முழுக்க 'முன்பு', 'பின்பு' என்று ஜோடி ஜோடியாகப் படங்கள், கீழே எத்தனை கிலோ என்று பெரிய எழுத்து. ஆறு வருடமாக அந்தச் சுவருக்கு எதிரே நின்று பழகிய கண் என்னுடையது. எண்ணூறு கிராமைப் பார்த்ததும், இதைக் கொண்டுபோனால் தேர்வுக்குழு வாயால் சிரிக்காது என்று முடிவு கட்டிவிட்டேன்.

எட்டை ஏழாக்கினேன். அவ்வளவுதான். எழுபத்தைந்து புள்ளி ஆறு. விரலை ஒருமுறை அழுத்தும் வேலை. பிறகுதான் தெரிந்தது, ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்று. இடுப்புச் சுற்றளவைக் குறைத்தேன். வாரவாரம் எடை இறங்குகிற மாதிரி பட்டியல் போட்டேன். குறிப்பேட்டில் இருந்த கேக்கையும் பிஸ்கட்டையும் தூக்கிவிட்டு, வெள்ளரிக்காய், அவித்த பயறு, ஒரு கிண்ணம் தயிர் என்று புதிதாக ஒன்றைத் தட்டச்சு செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் சோற்றையும் சேர்த்தே மறைத்தேன். அக்கா எழுதிய பன்னிரண்டு வாரத்து உண்மையில் ஒரு வரிகூட உள்ளே போகவில்லை.

ஏழு வாரம் கழித்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. துள்ளிக் குதித்தேன். மறுநாள்தான் விதிகளை முழுதாகப் படித்தேன். ஆறாவது பக்கத்தில் இருந்தது: அளவெடுக்கும் முறையைக் காட்டுவதற்காக விண்ணப்பதாரர் தன் பங்கேற்பாளரையும் உடன் அழைத்து வர வேண்டும். ஆறாவது பக்கம் வரை எவள் படிக்கிறாள்?

அக்காவிடம் சொன்னபோது, என்னையுமா கூப்பிட்டிருக்கிறார்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். விடுமுறை எழுதிக்கொடுத்தாள். புதிதாக ஒரு சுடிதார் தைத்துக்கொண்டாள். காதோரம் இருந்த நரைக்கு மை பூசிக்கொண்டாள். நேர்முகத்துக்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்து, நான்கு நாளும் வேறு எதையோ பேசினேன். அளவெடுக்கும் முறை என்றால் நாடாவும் தோல்மடிப்பு அளக்கும் கிடுக்கியும்தான் இருக்கும், எடையை ஏன் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆழம் தெரியும்.

நேர்முகம் நடந்தது ஒரு பரிசோதனைக் கூடத்தில். ஓரமாக டிரெட்மில்கள், நடுவில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் துறைத்தலைவி. நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தார், அதிகம் பேசவில்லை. மற்றவர் மடிக்கணினியும் கையுமாக இருந்த இளம் விரிவுரையாளர். வெளியே வராந்தாவில் காத்திருந்த மற்ற விண்ணப்பதாரர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். அவர்கள் கூட்டி வந்திருந்தவர்களைப் பார்த்தால் எதற்கு இளைக்க வேண்டும் என்றே புரியவில்லை. அக்கா அவர்களுக்கு நடுவில் கைப்பையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்களை உள்ளே அழைத்தார்கள். விரிவுரையாளர் முதலில் காட்டியது எடை இயந்திரத்தைத்தான். நிற்கும் பலகை தரையில், எண் தெரியும் பலகை சுவரில். காலண்டர் அளவுக்குப் பெரிய எழுத்து. அக்கா செருப்பைக் கழற்றினாள், வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். ஆனால் காதை மூட முடியாதே.

"எண்பத்தஞ்சு புள்ளி எட்டு" என்று விரிவுரையாளர் சத்தமாகப் படித்தார். மடிக்கணினியைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். "அறிக்கையில எழுபத்தஞ்சு புள்ளி ஆறுன்னு இருக்கே?"

அக்கா கண்ணைத் திறந்தாள். சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் என் கையிலிருந்த அளவு நாடாவைப் பார்த்தேன். அதில் என்னவோ எழுதியிருக்கிற மாதிரி அவ்வளவு கவனமாகப் பார்த்தேன். பேச வேண்டியவள் நான். பேசியவள் அவள்.

"நான்தான் சார் திரும்பவும் ஏத்திக்கிட்டேன். அவ நல்லாத்தான் குறைச்சுவிட்டா. எனக்குத்தான் வாயைக் கட்ட முடியல. அவமேல தப்பில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பல்வலிக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. விரிவுரையாளரும் சிரித்து, இது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று ஆறுதல் சொல்லிவிட்டு எதையோ தட்டச்சு செய்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில் 'அப்பாடா' என்று இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

துறைத்தலைவி எழுந்து வந்தார். ஒரு படி உயரப் பலகையைக் காட்டி, தாளத்துக்குத் தகுந்தபடி மூன்று நிமிடம் ஏறி இறங்கச் சொன்னார். அக்கா ஏறி இறங்கினாள். அவளுக்கு அது வெறும் காலைநேரப் பழக்கம். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். பிறகு பயிற்சியை இன்னும் செய்கிறீர்களா என்று கேட்டார்.

தின்று ஏற்றிக்கொண்டவள் பயிற்சி மட்டும் செய்கிறாள் என்றால் கதை பொருந்தாது என்று அக்காவுக்குப் பட்டிருக்க வேண்டும். "இல்ல மேடம், எல்லாத்தையும் விட்டுட்டேன். சோம்பேறித்தனம்தான்" என்றாள். அன்று காலையில்கூட நான்கு மாடி ஏறிவிட்டு வந்தவள்.

"விட்டவங்க நாடி இப்படி இருக்காதேம்மா" என்றார் துறைத்தலைவி. என் பக்கம் திரும்பி, அறிக்கையில் நாடித்துடிப்பு ஏன் இல்லை என்று கேட்டார். முக்கியம் என்று தோன்றவில்லை என்றேன். அக்காவைச் சிறிது நேரம் வெளியே உட்காரச் சொன்னார். கதவு சாத்தியதும் அறிக்கையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இதுல திருத்த வேண்டியது ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

இதைவிட நல்லபடியாக ஒருவர் வழி விட முடியாது. இல்லை என்று என் வாய் சொன்னது. என் வாய் சொன்னதாம்! இப்போதும் நழுவத்தான் பார்க்கிறேன். நான்தான் சொன்னேன். சரி, முடிவு தபாலில் வரும் என்றார்.

வெளியே வந்தேன். அக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கோபப்படுவாள், ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அழுது தொலைத்திருப்பேன். அவள் குரலைத் தாழ்த்தி, "சரியாச் சொன்னேனா? நம்பிட்டாங்களா?" என்றாள்.

 அவளே தொடர்ந்தாள். "அந்த எழுபத்தஞ்சுன்னதும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அப்படி ஒருத்தி இருந்தா எப்படி இருப்பான்னு நினைச்சேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு முழங்காலில் தட்டினாள். "விடு. எனக்கு இதெல்லாம் பழக்கம்டி. உனக்குப் பழக்கமில்ல. அதான் நானே சொல்லிட்டேன்."

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தேன். அடுத்த விண்ணப்பதாரர் உள்ளே போவதற்காகக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அவளைத் தாண்டி உள்ளே போனேன். கதவைச் சாத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நான் நல்லவளாகிவிடும் அவசரத்தில் இருந்தேன்.

"மேடம், திருத்த வேண்டியது இருக்கு. எழுபத்தஞ்சு நான் போட்டது. அக்காவுக்கு அவ்வளவு குறையவே இல்ல. அவங்க ஒருநாள்கூட விடல, இன்னிக்குக் காலையிலகூட மாடிப்படி ஏறிட்டுத்தான் வந்தாங்க. சாப்பாட்டுக் குறிப்பும் நான் எழுதுனதுதான்."

விரிவுரையாளர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். துறைத்தலைவி கேட்டார்: "அப்ப அவங்க சொன்னது?"

"என்னைக் காப்பாத்தச் சொன்னாங்க."

அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. திரும்பினேன். அக்கா வாசற்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒல்லியான பெண்கள், சுத்தமான காலணிகள். துறைத்தலைவி மெதுவாகத்தான் கேட்டார், அது உண்மையா என்று. எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அக்கா பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"ஆமா மேடம். பொய்தான் சொன்னேன்" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

உங்கள் நாடி மிக நன்றாக இருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்று துறைத்தலைவி அவளிடம் சொன்னார். உண்மையாகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அக்கா தலையை ஆட்டினாள், ஆனால் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி இல்லை. பிறகு அவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பிறந்த தேதியைப் பார்த்தார். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் அல்லவா என்றார். ஆமாம் என்றேன். கோப்பை மூடினார். அதில் கோபம் இல்லை, வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

வராந்தாவில் எங்களுக்கு வழி விட்டார்கள். தேவைக்கு மேலேயே விலகி நின்றார்கள். அக்கா யாரையும் பார்க்காமல் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். என் மனதில் ஒரு மடத்தனமான லேசு இருந்தது. படிப்பு போனாலும் அக்காவுக்கு நியாயம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வெயிலுக்கு வந்ததும், அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவள் நின்றாள். சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எழுதும்போதும் என்னைக் கேக்கல. இப்ப போட்டு உடைக்கும்போதும் கேக்கல. தின்னிப்பண்டாரம்னு நினைச்சுட்டுப் போகட்டும்னு நானா எடுத்துக்கிட்டேன் அதை. நானா. அதையும் புடுங்கி, அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரியும் ஆக்கிட்ட. உனக்கு மனசு லேசாகணும்னா அதுக்கும் நான்தான் கெடச்சேனா?"

மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்த வார்த்தை எனக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது. பெஞ்சைவிட்டு எழுந்தபோது ஒரு நிமிடம் நின்று, 'அக்கா, உள்ளே போய் உண்மையைச் சொல்லட்டுமா?' என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் வேண்டாம் என்றிருக்கலாம், சரி என்றிருக்கலாம். என்ன சொல்லியிருப்பாள் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

பேருந்து வந்தது. பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அக்கா இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் நடைவழி ஓரமாக உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் கைப்பையை வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் போய் வேறெங்காவது உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. நடத்துநர் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, இவ்வளவு இடம் கிடக்கிறதே, உட்காருங்களம்மா என்றார். பரவாயில்லை என்றேன். எங்கள் நிறுத்தம் வர முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா பையை எடுக்கவில்லை.